ஈப்போவுக்குச் சம்பந்தம் விசாரிக்கப் போனேன்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஈப்போ குகைக் கோயில்களைப் பார்க்கப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். உண்மையில் போனது, அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் பையனின் வீட்டை விசாரிக்க. பையன் பெயர் ரகு. ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. நாங்கள் யாழ்ப்பாணத்து வழி. என் தாத்தா இதுபோன்ற ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஆபீசில் கணக்கு எழுதியவர். அவர் பெயர்ப் பட்டியலை வாசிக்க, வரிசையில் நின்று ரப்பர் பால் எடுக்க மரம் சீவப் போனவர்கள் இவர்களைப் போன்றவர்கள். வெளியாருக்கு இரு வீட்டாரும் இந்தியர்தான். உள்ளுக்குள் எத்தனை கோடுகள் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேரம், டிக்கெட் நாற்பது ரிங்கிட்டுக்குச் சற்று மேல். ஈப்போவில் அரை நாளைக்கு நூற்றைம்பது ரிங்கிட் பேசி டேவிட் என்பவரின் காரை எடுத்தேன். பழைய ரப்பர் தோட்டங்களைப் படம் எடுக்க வந்திருப்பதாக அவரிடமும் அளந்தேன்.

"ரப்பர் மரமே இல்லாத எடத்துல என்னா படம் எடுக்க போறீங்க ஆன்ட்டி?" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வழியில் புந்தோங்கில் நிறுத்தி கச்சாங் பூத்தே வாங்கினேன். முறுக்கும் வறுத்த கடலையும் அங்கே வாங்காமல் வந்தால் ஈப்போ போனதற்கே அர்த்தமில்லை. கடைக்கார அம்மாவிடம் பேச்சோடு பேச்சாக ரகுவின் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். தங்கமான மனிதர்கள் என்றார். ஒரு குறைகூடச் சொல்லாத ஊரை நான் நம்புவதில்லை.

தோட்டம் லகாட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். இப்போது எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டு மலிவு வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றின் ஓரத்தில் மாரியம்மன் கோயில், அதை ஒட்டித்தான் ரகுவின் வீடு என்று மகள் வாயிலிருந்து எப்படியோ பிடுங்கியிருந்தேன். கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், யாரைத் தேடுகிறேன், வெளியூரா என்று மலாயில் கேட்டார். தமிழச்சியைப் பார்த்து மலாயில் கேட்டால் என்ன பொருள்? சோதிக்கிறார்.

"ஓம், சும்மா கோயில் பாக்க வந்தனான்" என்றேன்.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "வீட்டுக்கு வாங்கக்கா. கோயில பாத்து எங்கள பத்தி என்னா தெரிய போவுது?"

ரகுவின் அம்மா லட்சுமம்மா அவர்தான். அந்தப் பக்கம் ஆமாமுக்கு 'ஓம்' என்று யாழ்ப்பாணத் தமிழ் பேசிக்கொண்டு வேறு யார் வரப்போகிறார்கள்? எனக்கு முகம் எரிந்தது. டேவிட் காருக்குள் சிரிப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

கூடத்தில், தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக்காக ரகு வாங்கிய கேடயம் இருந்தது. அசல்தானா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து லட்சுமம்மா கணவரிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். என்னைப் பற்றித்தான். என்ன பேசுகிறீர்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"கோப்பியில சீனி போடவான்னு கேட்டேன்கா. ஒங்களுக்கு இனிப்புநீர் வியாதின்னு என் தம்பி சொன்னான்."

அவர் தம்பியை நான் பார்த்ததே இல்லை. பிறகுதான் விளங்கியது. அதற்கு முந்தின மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்க வந்த ஆள் அவர்தான். எங்கள் வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். நானே தேநீர் கொடுத்தேன்!

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நல்ல குடும்பம் என்றாராம். ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறதாம்.

"ஒங்க வீட்டுல எல்லாம் இங்கிலீஸ்தானாமே. எங்களுக்கு தெலுங்கு. புள்ளைங்கள தமிழ் ஸ்கூல்ல போட்டோம். ஒங்க பொண்ணுக்கு ரெண்டும் வராதாம். நாளைக்கு இங்க வந்தா நான் அதுகிட்ட என்னாத்துல பேசுறது லா?"

மலாயில் பேசலாம் என்று சொல்லப் பார்த்தேன். ஆனால் கோயில் வாசலில் அவரும் மலாயில்தான் தொடங்கினார், அந்நியரிடம் பேசுவதுபோல. முடிவு சொல்லப் போனவள் நான். பெண்ணை இரண்டு நாள் தனியாக அனுப்பி வையுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அவர்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது, வேண்டாம் என்றுவிட்டால்?

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை ரயிலுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். மதியத்துக்குமேல் மழை வரும், குடை தேவை. டிரைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி விற்க யாராவது வந்து போனார்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மகள் இந்த வாரக் கடைசியில் அங்கேதான் இருக்கிறாள். நேற்று ஒரு குரல் பதிவு அனுப்பினாள். தட்டுத் தடுமாறி நாலு சொல். ஆங்கிலம் இல்லை, தமிழும் இல்லை. பின்னால் லட்சுமம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஐந்து முறை கேட்டுவிட்டேன், ஒன்றும் புரியவில்லை. நிச்சயம் என்னைப் பற்றித்தான்.