என் மகள் நடித்துக் காட்டிய அம்மா

போன வருஷம், சாந்தோம் பக்கம் என் மகள் படிக்கும் பள்ளியில் நடந்தது இது. அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண்.

நான் தமிழ் வழியில் படித்தவள். தேனாம்பேட்டையில் ஆபீஸ். மீட்டிங்கில் இங்கிலீஷில் வாய் திறக்கச் சொன்னால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். இவளுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று, இவள் பேச ஆரம்பித்ததிலிருந்தே இவளிடம் இங்கிலீஷ்தான். வகுப்பில் மிஸ் எந்தப் பாடத்தையும் முதலில் தமிழில் பேசவிட்டு, பிறகுதான் இங்கிலீஷுக்குக் கொண்டுபோகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "எங்க வீட்ல இங்கிலீஷ்தான் பேசறோம். என் பொண்ணுக்குத் தமிழ்ல சொல்ல வேண்டாம் மிஸ்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மிஸ் கோபப்படவில்லை. "பெற்றோர் வந்து பார்க்கிற வகுப்பு ஒண்ணு வெள்ளிக்கிழமை இருக்கு. வாங்களேன்" என்றார்.

போனேன். அன்றைய பாடம் 'வீடு'. ஒவ்வொரு குழந்தையும் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, காலையில் தன் அம்மா பேசுவதை நடித்துக் காட்ட வேண்டும். பிறகு அதையே எல்லோரும் சேர்ந்து இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பார்கள்.

முதலில் வந்த சிறுமி இடுப்பில் கை வைத்தாள். "இன்னாம்மே, இன்னும் தூங்கிக்கினு கீற? நீ போவலன்னா சொல்லு, ஒன் யூனிபாரத்த மாட்டிக்கினு நானே போய் குந்திக்கிறேன்!"

வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா, "ஐய, வூட்டுப் பேச்செல்லாம் இங்க வந்து சொல்லுது பாரேன்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்து என் மகள். என்னைப் போலவே மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தாள்.

"கெட் அப். பிரஷ். ஃபாஸ்ட். ஈட். நோ டாக்கிங். ஷூஸ். கம்."

நிறுத்திவிட்டாள்.

"அம்மா வேற என்ன பேசுவாங்க கண்ணு?" என்றார் மிஸ்.

அவள் நிஜமாகவே யோசித்தாள். "அவ்ளோதான் மிஸ்."

பின்வரிசையில் ஒரு குரல்: "மிஸ், இவங்கம்மா பி.டி. மாஸ்டரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்குத் தடுமாறாமல் வரும் இங்கிலீஷ் அத்தனைதான்; அது முழுக்கக் கட்டளை. கொஞ்சலும் கிண்டலும் ஊர்க்கதையும் எனக்குத் தமிழில்தான் வரும். அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

வாசலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஐ டிட் குட்?" என்றாள். அள்ளி அணைத்து எவ்வளவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்தது, "குட். கம்."

இப்போது தலை பின்னும்போது தமிழில் கதையளக்கிறேன். "ம்" கொட்டிக் கேட்கிறாள். நான் பேசி முடித்ததும், அடுத்து என்ன செய்யச் சொல்லப் போகிறேன் என்று கண்ணாடியில் என் முகத்தையே பார்க்கிறாள். அந்தப் பார்வையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பள்ளியும் அல்ல, நான்தான்.