திருச்சியிலிருந்து உறைபனி

வெயிலுக்குப் பேர்போன ஊரில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு, மலையூர்க்காரர்களுக்கு இன்றிரவு பனி விழும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கைப்பேசியில் வானிலை எச்சரிக்கை அனுப்பும் கம்பெனி. ஊட்டிக்கு உறைபனி, திருச்சி மாடித்தோட்டங்களுக்கு வெயிலும் மழையும். திருச்சி எடமலைப்பட்டி புதூரில் வீட்டிலிருந்தபடியே வேலை. இது போனால் கைப்பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேறு வேலைக்கு ஓட வேண்டும். நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும். ஒரு கண் தொட்டிலிலும் ஒரு கண் திரையிலுமாக இருக்கும் அம்மாக்களே, அவன் தூங்கிய பிறகு உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொந்த அனுபவம் உண்டா?

சேர்ந்த புதிதில் ஊட்டியிலிருந்து போஜன் சார் கூப்பிட்டார். ரிட்டயரானவர், ரோஜாவும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார். பனிக்கு முன்னால் செடியை எப்படிக் காப்பாற்றுவது என்றார். திரையில் இருந்ததை அப்படியே வாசித்தேன்: சாக்கு, வைக்கோல், விடியுமுன் தண்ணீர் தெளித்தல். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். திருச்சி என்றேன்.

"ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுப் பாத்துப் படிச்சீங்களாம்மா?"

துளசிக்குப் பட்டு

மார்கழியில் ஒருநாள் ஊட்டிக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். பிள்ளை மடியில். அவன் கையோ என் கையோ, 'இன்றிரவு உறைபனி, செடிகளை மூடிவையுங்கள்' என்று ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டது. சொட்டு மழை இல்லாத நாளில் கனமழை என்று அனுப்பி ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். இன்னொரு தப்பு நடந்தால் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று மேலாளர் மேடம் சொல்லியிருந்தார்.

உடனே ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் கூப்பிட்டார். நான் கான்வென்ட் வளர்ப்பு, அவர் வாயைத் திறக்குமுன் மன்னிப்புக் கேட்டேன். துளசிச் செடிக்குத் தன் பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டாராம். எடுத்துடுங்க மாமி, நம்ம ஊர்ல பனி உறையாது என்றேன்.

"எதுக்குடிம்மா எடுக்கணும்? பெருமாளுக்கே குளிருமேன்னு போர்வை சாத்தறா. இவ மட்டும் மொட்டைமாடியில நடுங்கிண்டு நிக்கணுமா?"

சாப்பாட்டு நேரம்

மாமி போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பனி விழப்போகிற ஊட்டிக்குச் செய்தியே போகவில்லை. ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை அனுப்ப மேலாளர் அனுமதி வேண்டும். அவரோ போனை எடுக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊட்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அழுதான், நானும் கிட்டத்தட்ட. "ஸாரி சார், உங்க ஊர்ல இன்னிக்குப் பனி" என்றுதான் வாயில் வந்தது. போஜன் சார் பாதியில் நிறுத்தினார்.

"நீங்க ஸாரி கேக்குறதைப் பாத்தா பனியையே நீங்கதான் அனுப்புற மாதிரி இருக்கு. வைங்கம்மா, நான் போய்ச் சாக்கு எடுக்கணும்."

விசாரணை

காலையில் மேடம் கூப்பிட்டார். ஊட்டியில் புல்லெல்லாம் வெள்ளையாம். மூடிவைத்தவர்களின் செடிகள் பிழைத்துவிட்டனவாம். தென்னூர் ஆபீசில் கம்ப்யூட்டரை ஒப்படைக்க எப்போது வரட்டும் என்று நானே கேட்டேன். பெருமூச்சு விட்டார்.

"வேலையில இருங்க. தப்பா அனுப்புன ஊர்லேர்ந்து ஒரு புகார் இல்ல. சரியா சொன்ன ஊர்லதான், நிம்மதியா சாப்பிட விடலைன்னு திட்டுறாங்க. இனிமே பிள்ளையைக் கீழ விட்டுட்டு பட்டனைத் தொடுங்க."

ஊரைப் பயமுறுத்தச் சம்பளம் கொடுப்பதென்றால், ஏற்கெனவே பயந்துபோயிருப்பவளை எடுத்துக்கொள்வதுதான் கம்பெனிக்கு லாபம்.