கரண்ட் இல்லாத நேரத்து மூச்சு

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். சிரிப்பதோடு விடமாட்டேன், பின்னால் போய் நின்று காதுக்குள் ஊதியும் விடுவேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஒரு பெண் அழுகிறாள் என்று முன்னொரு காலம் புரளி கிளம்பியதே, அதற்குத் தகப்பன் நான். அப்படிப்பட்டவன் இந்தக் கதையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் மனைவியே நம்பவில்லை. நம்பாவிட்டாலும் கேளுங்கள்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு நித்திரையில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். அவர்களுக்கு டொக்டர் ஒரு மெஷின் எழுதிக் கொடுப்பார். மெஷினிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க். அது ஒரே சீராகக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும், அவ்வளவுதான். உங்களுக்காக அது மூச்சு விடாது. மூச்சு விடுவது உங்கள் பாடு. இந்த மெஷினை வாடகைக்குக் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பனியில் இருந்துகொண்டு, வீடு வீடாகப் போய் மாஸ்க்கைப் போடவும் கழட்டவும் கழுவவும் பழக்கிவிடுகிறவன் நான். மெஷின் என்னுடையது இல்லை, மருந்தும் தெரியாது. "பயப்படாதீங்க" என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தார் அன்ரன் அண்ணன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தலைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்று கிடையாது. ஒரு விடியல் அவர் மனைவி பிலோ அக்கா எழும்பிப் பார்க்க, மனுஷன் உதடெல்லாம் நீலமாகிக் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் உயிரை இழுத்துப் பிடித்துவிட்டார்கள். இதயம் ஏற்கெனவே களைத்துவிட்டது, மெஷின் இல்லாமல் படுத்தால் இன்னொரு முறை எழும்புவார் என்று சொல்லமுடியாது என்று டொக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இவரோ மாஸ்க்கைப் போட்ட உடனேயே தண்ணீருக்குள் அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்று பிய்த்து எறிந்துவிடுவார். அக்கா இரவிரவாகப் பக்கத்தில் குந்தியிருந்து, மூச்சு நிற்கிற நேரமெல்லாம் உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தார். நான் முதன்முதல் போன அன்று அக்காவைப் பார்த்துவிட்டு, நோயாளி இவர்தான் என்று நினைத்து மாஸ்க்கை அவரிடம் நீட்டிவிட்டேன். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. பகலில், பயமில்லாத வெளிச்சத்தில், சாய்ந்து படுக்கவைத்து மாஸ்க்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்போம். மெஷினோடு சண்டை பிடிக்கவேண்டாம், என் நெஞ்சைப் பார்த்து என்னோடு சேர்ந்து இழுத்து என்னோடு சேர்ந்து விடுங்கள் என்போம். கொஞ்ச நேரத்தில் பயம் போய்விடும். மெஷின் வந்து ஒரு மாதமான செவ்வாய்க்கிழமை ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தொடங்கினோம். அக்கா நொவேனா ஜெபத்துக்குக் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காற்றை ஈரமாக்குகிற மெஷினின் தண்ணீர்த் தட்டில் கொதித்தாறிய தண்ணீர் விடச் சொன்னால், அவர் விட்டிருந்தது கோயில் தீர்த்தம். இது சரிவராது அக்கா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, உங்கட தண்ணியில ஒரு மாசம் பார்த்தாச்சு."

செபமாலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்ரன் அண்ணனும் நானும் எதிரெதிரே இருந்து மூச்சு விட்டோம். நம்புங்கள், அன்றைக்குத்தான் முதல்முறையாக மனுஷன் மாஸ்க்கோடு கண் அசந்தார். காலையில் மூக்கடைத்த தடிமனுக்கு ஒரு குளிசை போட்டிருந்ததால் நித்திரை அடித்துப் போட்டுவிட்டது. நான் எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டிருக்கிறேன், வெளியே டமார் என்று ட்ரான்ஸ்ஃபோமர் வெடித்த சத்தம். ஃபான் நின்றது. மெஷின் நின்றது. அண்ணனின் மூச்சும் நின்றது.

எழுப்பினேன். எழும்பவில்லை. மாஸ்க்கைக் கழட்டப் போனால் கிளிப் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எத்தனை பேருக்கு "ஒரு கிளிக்தான், சின்னப் பிள்ளையும் கழட்டும்" என்று படம் காட்டியவன்! கடைசியில் இழுத்துப் பிய்த்து யன்னல் பக்கம் எறிந்தேன். தோளைக் குலுக்கினேன், கன்னத்தில் தட்டினேன், நெஞ்சில் அமுக்கினேன், பெயர் சொல்லிக் கத்தினேன். தொண்டைக்குள் ஒரு கடகடப்பு வந்து அதுவும் அடங்கியது. உதடு கறுக்கத் தொடங்கியது. அம்புலன்ஸுக்கு அடிக்கப் போய் போனில் டோர்ச்சை எரியவிட்டேன், அணைக்கப் போய் கல்குலேட்டரைத் திறந்தேன். பிறகு படிகளில் விழாத குறையாக ஓடி இறங்கித் தெருவில் நின்று தமிழும் சிங்களமும் கலந்து ஏதோ கத்தினேன். ஒரு திரிவீல்காரர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, எங்கே போகவேண்டும் என்று கேட்டார்.

கீழே கடை வைத்திருந்த பலீல் நானாதான் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் மேலே ஓடிவந்தார். நாய் மாதிரி இளைத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தேன்.

மாஸ்க் அண்ணனின் முகத்தில் இருந்தது. பட்டிகள் நான்கும் ஒழுங்காக, முறுக்கில்லாமல். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பலீல் நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"என்னத்துக்கு இவ்வளவு கூப்பாடு போட்டீங்க? ஆள் ஜோரா மூச்சு எடுக்குது தானே. இந்தா, குழாயில காத்தும் வருது."

கரண்ட் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். ஃபானைப் பார்த்தேன். அசையவில்லை. மெஷினில் ஒரு வெளிச்சமும் இல்லை. பற்றரியாக்கும் என்று நானா தானே ஒரு முடிவுக்கு வந்து, திறந்துபோட்டு வந்த கடையை நினைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அந்த மெஷினுக்குப் பற்றரி கிடையாது.

குழாயில் கையை வைத்தேன். இளஞ்சூடு. காற்று சீராக வரவில்லை. வந்தது, நின்றது, உள்ளே இழுத்தது, திரும்ப வந்தது. இந்த ஜாதி மெஷின் உள்ளே இழுக்காது. அதுவும் அவசர அவசரமாக, படியேறி ஓடிவந்த ஆளின் மூச்சு மாதிரி. கதிரையில் விழுந்தேன். என் இளைப்பு கொஞ்சம் தணிந்தது. குழாயும் தணிந்தது.

எனக்கு விளங்கியபோது பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. அன்ரன் அண்ணனின் நெஞ்சு ஏறின இடத்திலேயே நின்றுவிட்டது.

விட்டேன். அதுவும் இறங்கியது.

வாழ்க்கை முழுக்கச் சும்மா விட்ட மூச்சை அன்றைக்குத்தான் நான் உத்தியோகமாகச் செய்தேன். இருமல் வந்தது, இருமப் பயம். தும்மினால் என்ன ஆகும்? கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, துடைக்கவும் பயம், மூச்சு தப்பிவிடும். மாஸ்க்கைக் கழட்டிப் பார்க்க, அண்ணனை எழுப்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. எழும்பாவிட்டால்? எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கும்பிட்டேன், தட்டில் இருந்த தீர்த்தத்துக்குரியவரையும் சேர்த்து. இழு, விடு, இழு, விடு. எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கரண்ட் வந்தது. மெஷின் பீப் என்று முதலில் இருந்து தொடங்கியது, குழாயில் வழமையான ஒரே சீரான காற்று. அண்ணன் கண்ணைத் திறந்தார். தானே கையைக் கொண்டுபோய், ஒருநாளும் சரியாகச் செய்யாத மனுஷன், ஒரே கிளிக்கில் மாஸ்க்கைக் கழட்டினார்.

"நல்ல நித்திரை தம்பி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, குறை சொல்கிற குரலில் கேட்டார்:

"ஆனா நடுவுல ஏன் அப்பிடி அவசரமா இழுத்தனீர்? என்னால ஈடுகுடுக்க ஏலாமப் போச்சு. பிறகு ஒருக்கா நிப்பாட்டியும் போட்டீர்."

நான் ஓம், என் பிழைதான் என்றேன்.

அன்றிலிருந்து அவர் ஒருநாளும் மாஸ்க்கை எறியவில்லை. டொக்டருக்குச் சந்தோஷம், அக்கா முழு இரவும் படுக்கிறார். கம்பனியில் எனக்குப் பாராட்டு. மெஷினைக் கழட்டிப் பார்த்தார்கள், ஒரு பழுதும் இல்லை. மாஸ்க்கை அவரே அரைநித்திரையில் போட்டிருப்பார், மற்றதெல்லாம் உன் பயம் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். எனக்கும் அப்படி இருந்தால்தான் நல்லது.

ஆனால் சில மத்தியானங்களில், காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது, திடீரென்று என் நெஞ்சு வெறுமையாகிவிடும். இழுக்கிறேன், காற்று என்னிடம் வந்து சேராமல் வேறு எங்கோ போகிறது. டொக்டர் வாய்வு என்றார். அந்த நேரங்களில் அக்காவுக்குப் போன் எடுத்துப் பார்த்தேன். எடுக்கிற நேரமெல்லாம் கொட்டாஞ்சேனையில் கரண்ட் இல்லை, அண்ணன் மாஸ்க்கோடு சின்ன நித்திரை. ஒருவருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுக்காத நான், சொந்தக் காசில் அந்த மெஷினுக்குப் பொருந்துகிற பற்றரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அக்கா என்னை நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன கிழமை பம்பலப்பிட்டியில் பஸ் நிற்கும்போது திரும்பவும் அந்த வெறுமை வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, போன் எடுத்து, பற்றரியைப் போட்டீர்களா அக்கா என்று மட்டும் எப்படியோ கேட்டுவிட்டேன்.

"கரண்ட் இருக்கு தம்பி. மெஷினைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறன். இவர் சும்மா சாய்ஞ்சு படுத்தவர், அப்பிடியே நித்திரையாப் போனார்" என்றார் அக்கா. "மாஸ்க்கும் இல்லை. ஆனா வடிவா மூச்சு விடுறார்."