எட்டு மணி நேரம் நிற்கும் பேட்டரி

காலேஜ் சேரும் மகளுக்கு லேப்டாப் வாங்க, மலையிலிருந்து இறங்கிக் கண்ணமங்கலம் வந்தோம்.

எங்கள் ஊரில் மழை பெய்தால் கரண்ட் போய்விடும். அன்றைக்கும் அவள் படித்தாக வேண்டும். அதனால் பேட்டரியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"ஃபுல் சார்ஜ்ல எட்டு மணி நேரம் நிக்கும் மேடம்" என்றார் கடைக்காரர்.

"அப்போ சார்ஜரைப் புடுங்குங்க. ஒரு வீடியோ ஓடட்டும். நாங்க உக்காந்திருக்கோம்."

"இன்னா மேடம், நம்பிக்கை இல்லியா?"

"இல்லீங்க."

மகள் என் காதருகே குனிந்தாள். "அம்மா, மானம் போவுது. எழுந்து வா."

நான் எழவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியது. கடைக்காரர் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். இந்த முறை சார்ஜரை அவரே பிடுங்கினார்.

இப்போது அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். மலைக்குப் போகும் கடைசி பஸ் எங்களுக்காக நிற்காது. இங்கே யார் வீட்டில் இரவு சோறு கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்லவும்.