படலைக்கு முன்னால ஒரு வெள்ளைக் கல்

2003ஆம் ஆண்டு, சண்டை நிண்டு சமாதானம் பேசின காலம். வன்னியில, ஜெயபுரத்துக்கு அங்கால ஒரு சின்னக் குடியிருப்பில நடந்தது இது. மாரி துவங்கப் போகுது எண்டு ஒவ்வொரு பின்னேரமும் வானம் வெருட்டும், ஆனால் ஒரு துளியும் விழாது. அப்பிடியான நாட்கள்.

நான் அப்ப சுகாதாரத் தொண்டரா வேலை செய்தனான். மருத்துவிச்சிமார் காணாது எண்டு எங்களைப் போல பெட்டையளை எடுத்து, பயிற்சி தந்து, வீடு வீடாக் கர்ப்பிணித் தாய்மாரைப் பாக்க அனுப்பினவை. கால் வீங்கியிருக்கோ, தலையிடிக்குதோ, பிள்ளை துடிக்குதோ எண்டு கேக்கிறது, ஏதும் பிழையெண்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது. அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேருறதுதான் பெரிய வேலை.

என்னைப் பற்றி ஒண்டு முதல்லயே சொல்லிப்போடுறன். நான் கட்டை. சும்மா கட்டையில்லை, பஸ்ஸில மேல் கம்பி எட்டாத கட்டை. அதால எப்பவும் சின்னச் சில்லு லேடீஸ் சைக்கிள்தான் ஓடினனான். அந்தக் குடியிருப்புக்குப் போற பாதையோ ஒரே மணல். சில்லு புதைஞ்சிடும். பாதி வழி நான் சைக்கிள் ஓடுவன், மிச்சப் பாதி சைக்கிளை நான் இழுப்பன். கடைசி வீடு வரைக்கும் போக முதல் பொழுதுபட்டிடும், திரும்பி வந்திடுவன்.

அந்த நேரம் பாத்து, வெளிநாட்டு நிறுவனம் ஒண்டில இருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பிப் போகேக்க, தன்ர மவுண்டன் பைக்கை எங்கட அலுவலகத்துக்குக் குடுத்திட்டுப் போனார். மனிசன் பனை உயரம். சைக்கிளும் அவரைப் போலத்தான். மொத்த ரயர், பெரிய சில்லு. எங்கட மேற்பார்வையாளர் அக்கா என்னைக் கூப்பிட்டா.

"உம்மட பக்கம்தான் மணல் கூட. நீர் கொண்டுபோய் ஓடிப் பாரும்."

நான் சைக்கிளைப் பாத்தன், சைக்கிள் என்னைப் பாத்திது. "அக்கா, இதில ஏற எனக்கு ஏணி வேணும்" எண்டன். அவா சிரிச்சுக்கொண்டே பூட்டுச் சாவியைத் தந்திட்டா.

அண்டைக்குத் துவங்கின குழப்பம். சீற்றை அடி வரைக்கும் பதிச்சும் கால் நிலத்தில எட்டேல்லை. அண்ணா பாத்திட்டு, "உது ஒட்டகமடி, விட்டிடு" எண்டான். சந்தியில சைக்கிள் கடை வைச்சிருந்தவர், "சில்லு பெரிசெண்டால் கட்டை ஆக்களுக்குத்தான் நல்லது தங்கச்சி, ஒரு மிதிக்குக் கனதூரம் போகும்" எண்டார். அடுத்த கிழமை கேட்டால் அதே மனிசன், "கட்டை ஆக்களுக்கு உது சரிவராது, விழுத்திப்போடும்" எண்டார். என்னய்யா முதல் அப்பிடிச் சொன்னீங்கள் எண்டு கேக்க, "அப்ப உம்மை நான் ஏறி இருக்கப் பாக்கேல்லையே" எண்டார். மேற்பார்வையாளர் அக்காவோ, "சில்லில ஒண்டுமில்லை, பிறேம்தான் பெரிசு" எண்டா. ஆர் சொல்லுறது சரி? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. சைக்கிளில ஒரு கரியர் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, மணிகூட இல்லை. இது சைக்கிளோ எண்டதே எனக்குச் சந்தேகம்.

ஆனால் மணலுக்குள்ள விட்டன் பாருங்கோ, சத்தியமாச் சொல்லுறன், பறந்திது. லேடீஸ் சைக்கிள் புதையிற இடத்திலயெல்லாம் இது உருண்டு உருண்டு போச்சு. ஓடிக்கொண்டு போகேக்க இதைப் போலச் சைக்கிள் உலகத்தில இல்லை எண்டிருக்கும். நிப்பாட்டேக்கதான் சனியன். வீட்டில வாசல் படியில ஏறி நிண்டு ஏறுவன். இறங்கிறதெண்டால் மதகுக் கட்டைத் தேடுவன், இல்லாட்டி ஒரு மரத்தை எட்டிப் பிடிப்பன். இரண்டும் இல்லாத இடத்தில விழுவன்.

அப்பிடி விழுந்த இடம் அந்தக் கடைசி வீடு. வேலிப் படலைக்கு முன்னால வண்டில் திருப்புறதுக்கு ஒரு வெறும் மணல் வெளி. மரமும் இல்லை, மதகும் இல்லை. முதல்தரம் சைக்கிளோட சேந்து பொத்தெண்டு விழுந்தன். வீட்டுக்காரப் பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தா. மலையகத்தில இருந்து சின்ன வயசில தாய் தகப்பனோட வந்து குடியேறினவா, என்ர வயதுதான் இருக்கும், தலைப்பிள்ளை வயித்தில. "ஓடாதேங்கோ, ஓடாதேங்கோ!" எண்டு மணலுக்குள்ள கிடந்துகொண்டு நான் அவாவை ஏசினன். முழங்கால் உரஞ்சுப்பட்டுப் போச்சு. அவாதான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டா. ஆர் ஆருக்குச் சுகாதாரத் தொண்டர் எண்டு தெரியாத நிலைமை.

அண்டைக்கு அவாவின்ர கால் கொஞ்சம் வீங்கியிருந்திது. அமத்திப் பாத்தால் விரல் குழி விழுந்திது. எனக்கு மனம் சரியில்லை. முகம் வீங்கினாலோ தலையிடிச்சாலோ உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு சொல்லி, ரெண்டு நாளால திரும்ப வாறன் எண்டு வெளிக்கிட்டன்.

சொன்னபடி போனன். மணலுக்குள்ள நல்ல வேகம். வெளிக்குள்ள சைக்கிளை விட்டாப் பிறகுதான் கண்டன், படலைக்குப் பக்கத்தில ஒரு கல்லு. முன்னம் இல்லாத கல்லு. பளிச்செண்டு வெள்ளை பூசியிருக்கு.

ஹாண்டிலை ஒரே வெட்டாத் திருப்பினன்.

அந்தக் காலத்தில எங்கட பக்கத்தில பெயின்ற் பூசின கல்லெண்டால் ஒரே ஒரு கருத்துத்தான். மிதிவெடி. பாதி சிவப்பு, பாதி வெள்ளை பூசி வைப்பினம். வெள்ளை தெரியிற பக்கம் பாதுகாப்பு, சிவப்புப் பக்கம் போகக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கும் இது தெரியும். அதோட, சந்தேகமெண்டால் புது இடத்தில கால் வைக்காதே, வந்த தடத்திலேயே திரும்பு எண்டும் படிப்பிச்சிருந்தவை.

எனக்கு வெள்ளை தெரியுது. அப்ப நான் வாற பக்கம் நல்ல பக்கம். அப்ப சிவப்பு எங்க? வீட்டுப் பக்கம். வீட்டுக்குள்ள அந்தப் பிள்ளை, வயித்தில பிள்ளையோட. கடவுளே, இது எப்ப கண்டுபிடிச்சவை? ஏன் ஒரு கல்லு மட்டும் கிடக்கு? மிச்சத்தை வைக்க முதல் போயிட்டினமோ? சிவப்பு நாடா எங்க? ஒண்டும் பிடிபடேல்லை. இறங்கிக் கேப்பமெண்டால் இறங்கேலாது! இறங்கிறதெண்டால் நான் விழோணும். எந்தப் பக்கம் விழுறது? முந்தநாள் விழுந்த இடத்தில விழுந்தால் பிரச்சினை இல்லைத்தானே எண்டுகூட யோசிச்சன், ஆனால் அந்த இடம் எதெண்டு மறந்து போச்சு.

என்ன செய்தன் தெரியுமோ? சுத்தினன். அந்த வெளிக்குள்ள, என்ர ரயர்த் தடத்துக்கு மேலயே திரும்பத் திரும்ப வட்டமடிச்சன். நிப்பாட்டவும் பயம், விட்டிட்டுப் போகவும் மனமில்லை. சுத்திச் சுத்திக் கத்தினன், "வெளியில வராதேங்கோ! உள்ளுக்கையே நில்லுங்கோ!"

நான் கத்தினால் வெளியில வராமல் ஆர் இருப்பினம்? அவா முத்தத்துக்கு வந்திட்டா.

"என்னா மிஸ், ஏன் அங்கேயே சுத்துறீங்க? எறங்குங்க!"

"கால் வைக்காதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ! உந்தக் கல்லு ஆர் வைச்சது? மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வந்தவையோ?"

அவா ஒரு காலைத் தூக்கினபடி அப்பிடியே நிண்டா. பிறகு கல்லைப் பாத்தா, என்னைப் பாத்தா. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கத் துவங்கினா பாருங்கோ!

"ஐயோ மிஸ், அது ஒங்களுக்குப் போட்ட கல்லு! ஒங்க காலுக்கு! அன்னிக்கு விழுந்தீங்கல்ல? எங்க வீட்டுக்காரருதான் ஒடஞ்ச மதகுலருந்து உருட்டியாந்து போட்டாரு. தூரத்துலயே தெரியட்டும்னு நாந்தான் சுண்ணாம்பு பூசுனேன்."

நானும் சிரிச்சுப்போட்டன். கிட்டக் கொண்டுபோய் இடது காலை வைச்சன். அளவெடுத்துச் செய்தது போல இருந்திது. அந்தச் சைக்கிளில இருந்து விழாமல், மரத்தைக் கட்டிப்பிடிக்காமல் ஒரு மனிசியைப் போல நான் இறங்கினது அண்டைக்குத்தான்.

கிட்டப் போய்த்தான் அவாவின்ர முகத்தைப் பாத்தன். என்ர சிரிப்பு அப்பிடியே நிண்டு போச்சு. ரெண்டு கண்மடலும் வீங்கிக் கிடந்திது.

"தலையிடிக்குதோ?"

"காலையிலருந்து இடிக்குது மிஸ். கண்ணு வேற மங்குது. அவரு வயலுக்குப் போயிட்டாரு. நீங்க வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

இவ்வளவு நேரமும் நான் வெளியில வட்டமடிச்சுக்கொண்டிருந்திருக்கிறன்! என்னை நானே மனசுக்குள்ள பேசாத பேச்சில்லை. அவாவைப் பாயில இடப்பக்கம் சரிச்சுப் படுக்க விட்டன். பக்கத்து வளவு மனிசியைக் கூப்பிட்டு இருத்திப்போட்டு, கல்லில ஏறி, ஒரே தாவலில சைக்கிளில இருந்தன். முந்தின மாதிரி ஏற இடம் தேடிக்கொண்டு மணலுக்குள்ள உருட்டியிருந்தால் எவ்வளவு நேரம் போயிருக்குமோ தெரியாது. றோட்டுக்கரையில லாண்ட்மாஸ்ரர், அதுதான் பெட்டி பூட்டின ரெண்டு சில்லு உழவு மெசின், வைச்சிருந்த ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு திரும்ப வந்தன். பெட்டியில வைக்கல் போட்டு, மேல பாயை விரிச்சு, அவாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேத்தம். வழி முழுக்க அவாவின்ர கையை நான் விடேல்லை. டொக்டர் பாத்திட்டு, "பிறஷர் கடுமையா ஏறியிருக்கு, நல்ல நேரத்தில கொண்டு வந்திட்டீங்கள், சுணங்கியிருந்தால் ரெண்டு உயிருக்கும் சொல்லேலாது" எண்டார். நான் வெளியில மர வாங்கில குந்திப் பெரிசாச் சத்தம் போட்டு அழுதன்.

பொம்பிளைப் பிள்ளை பிறந்திது. தாயும் பிள்ளையும் சுகமா வீடு வந்தினம். அதுக்குப் பிறகு நான் எப்ப போனாலும், சைக்கிள் சத்தம் கேட்டவுடன உள்ளுக்கிருந்து ஒரு குரல் வரும், "எறங்கிட்டீங்களா மிஸ், இல்ல இன்னும் ஒரு சுத்தா?"

இந்தக் கதை குடியிருப்பு முழுக்கப் பரவிப் போச்சு. கொஞ்ச நாளில ஒவ்வொரு படலையிலயும் எனக்கு ஏதோ ஒண்டு கிடந்திது. ஒரு வீட்டில பனங்குத்தி, ஒரு வீட்டில கவிழ்த்து வைச்ச உரல். ஒண்டுக்கும் வெள்ளை பூசேல்லை. "மிஸ் பயந்திடுவா" எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பினம். எனக்கு வெக்கம் ஒரு பக்கம், மனசு நிறைஞ்சு போறது ஒரு பக்கம்.

2008இல சண்டை கிட்ட வர, எல்லாரும் கிழக்கால வெளிக்கிட்டம். நானும் அதே சைக்கிளில சட்டி பானை, கூடாரம் போடுற படங்கு, அரிசி எல்லாம் கட்டி உருட்டிக்கொண்டு அந்தக் கடைசி வீட்டடிக்குப் போனன், சேந்து போவம் எண்டு. படலை திறந்து கிடந்திது. அவை முன்னமே போயிட்டினம். கல்லு மட்டும் கிடந்திது, சுண்ணாம்பெல்லாம் கழுவுப்பட்டு. அண்டைக்கு நான் ஏறவும் தேவையில்லை, இறங்கவும் தேவையில்லை, நடந்துதான் வந்தனான். எண்டாலும் அந்தக் கல்லில ஒருக்கா ஏறி நிண்டன். எறங்கிட்டீங்களா மிஸ் எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை.

அந்தச் சைக்கிளை வழியில எங்கயோ விட்டிட்டுத்தான் உயிரோட வந்து சேந்தனான். அவாவையும் மகளையும், சண்டை முடிஞ்சு எங்களை வைச்சிருந்த முகாமில தேடினன், பிறகும் தேடினன். எங்கயோ இருக்கினம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்.

பெரிய சில்லுச் சைக்கிள் கட்டை ஆக்களுக்குச் சரிவருமோ எண்டு ஆரும் கேட்டால் எனக்கு இண்டைக்கும் மறுமொழி சொல்லத் தெரியாது. ஆனால் எந்த ஊரிலயாவது ஒரு படலைக்கு முன்னால கல்லுக் கிடக்கக் கண்டால், முதல்ல நெஞ்சு திக்கெண்டும், பிறகு அவாவின்ர சிரிப்புக் கேக்கும்.