பாண்டியன் மகள் ஏறும் வண்டி

கோமளா அக்கா வேன் ஓட்ட வந்தது அவர் கணவர் சுப்பராயனால்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த இரும்பு வார்க்கும் பவுண்டரியை மூடியபோது கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஒரு பழைய வேனை வாங்கி, பள்ளிக்கூட டிரிப் அடிக்கலாம் என்று அவர் ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட மறுநாளே தெருமுனை டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் கொண்டுபோய் முட்டினார். அக்கா போய் சாவியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சாவி கணவர் கைக்குத் திரும்பவே இல்லை.

அக்கா சென்னைக் கொரட்டூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். அவருக்கு விவரம் தெரிவதற்குள் நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது ஒரு வீடும் அதன் மாடியும். மாடியில் நான் குடியிருக்கிறேன். பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, சும்மா கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று வந்தேன். ஓர் இடம் பிடிக்கவில்லை என்றால் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என் பழக்கம். அக்காவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “கெளம்பிடுவியா நிஷா? சொல்லிக்கினா, சொல்லாமலா?” என்று கேட்பார்.

வேனில் பதினோரு பிள்ளைகள். பெரும்பாலும் புதிதாக வந்த அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களின் பிள்ளைகள். திருச்சியிலிருந்தும் தேனியிலிருந்தும் கணினி வேலைக்கு வந்த அப்பா அம்மாக்கள் பழைய வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். அக்கா ஒரே ஒரு பதில் வைத்திருந்தார். “மெக்கானிக் பொண்ணே இதுலதான் ஸ்கூலுக்குப் போவுது சார்.” அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அது உண்மையும்கூட. மண்ணூர்பேட்டையில் ஷெட் வைத்திருந்த பாண்டியனின் மகள் கனிஷ்கா யூ.கே.ஜி.யிலிருந்து அந்த வேனில்தான் போனாள். அவளுக்கு அக்கா பணம் வாங்குவதில்லை. சின்னச் சின்ன வேலைகளுக்குப் பாண்டியன் கூலி வாங்குவதில்லை. இருவருக்கும் நடுவே எழுத்தில் எதுவும் கிடையாது.

ஏப்ரலில், முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, எஸ்டேட் ரோட்டில் வண்டி சூடேறி நின்றது. எஞ்சின் இருக்கும் முன் சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பிள்ளைகளை நடைபாதையில் இறக்கி வரிசையாக நிற்கவைத்தார் அக்கா. போகிற வழியில் அதைப் பார்த்த ஒரு அம்மா போட்டோ எடுத்து பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார். அன்று மாலைக்குள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வண்டி சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். வருட ஆரம்பத்தில் போன பிள்ளை அந்த வருடம் முழுக்கத் திரும்பாது. வீட்டில் வேறு வருமானம் என்று என் மாடி வாடகை மட்டும்தான்.

வண்டியைப் பாண்டியன் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“எஞ்சின் ஹெட்டு போயிருக்கும் போலக்கா. இறக்கிப் பாத்தாதான் தெரியும். லீவு தானே, பொறுமையா பண்ணிக்கலாம்.”

“இன்னிக்கு வாணாம் பாண்டியா, கரிநாளு. நாளைக்கு இறக்கு.”

அக்கா கேட்டு வாங்கிய தாமதம் அந்த ஒரு நாள் மட்டும்தான். ஆனால் பாண்டியன் அதைப் பிடித்துக்கொண்டார். ஷெட்டில் டயர்களுக்கு மேலே தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கியது. நாங்கள் போகும்போதெல்லாம் அதன் பக்கம் கையைக் காட்டினார்.

“நேத்தே முடிச்சிருப்பேன்க்கா. அஷ்டமியாப் பூட்சு. உங்களுக்குத்தான் ஆவாதே.”

“அஷ்டமி எனக்குத்தான்டா. எஞ்சினுக்கு இன்னா அஷ்டமி?”

“அப்படிச் சொல்லாதீங்க. நாளைக்கு எதனா ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பீங்க.”

ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அடுத்த முறை போனபோது லேத்காரர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார் என்றார். அப்புறம் சிலிண்டர் போர் தேய்ந்திருக்கிறது, பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்றார். முப்பதாயிரத்தில் ஆரம்பித்த வேலை எழுபதாயிரத்துக்கு வந்து நின்றது. அக்கா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து முக்கால்வாசி கொடுத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் பாண்டியன் ஏதோ ஒரு பழைய பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டுவார். அது இந்த வண்டியுடையதுதானா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நாங்கள் தலையை ஆட்டுவோம்.

“வேற மெக்கானிக்கிட்ட கொண்டு போயிடலாம்க்கா” என்றேன். எனக்கு அது மிகச் சுலபமாகத் தெரிந்தது.

“பிரிச்சுப் போட்ட எஞ்சினை சாக்குல கட்டி எட்த்துகினு போவணுமா?”

“இழுத்துட்டுப் போற வண்டி வெச்சுப் போலாம்.”

அரை மனதோடுதான் என் ஸ்கூட்டரில் ஏறினார். ஆவடியில் அப்துல் ரசாக் என்ற மெக்கானிக்கைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்கள். அவர் எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பாண்டியன் பெயர் வந்ததும் டீயைக் கீழே வைத்தார்.

“எஞ்சினைப் பிரிச்சிட்டானா?”

“பிரிச்சிட்டான் பாய்.”

“அப்போ நான் தொட முடியாதும்மா. தப்பா நெனைக்காதீங்க. ஒருத்தன் பிரிச்சதை இன்னொருத்தன் சேத்தா, நாளைக்கு எது போனாலும் பழிக்கு ஆளே இருக்காது. அவன் என்னைச் சொல்லுவான், நான் அவனைச் சொல்லுவேன். நடுவுல நீங்க அலைவீங்க. அதுக்குத்தான் இந்த லைன்ல ஒருத்தன் கை வெச்ச வண்டியை மத்தவன் தொடறதில்ல.”

“வேற வழியே இல்லியா?”

“இருக்கு. அவனே எனக்கு போன் போட்டு, ‘நான் வுட்டுட்டேன் பாய், நீ பாத்துக்கோ’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நானே வந்து இழுத்துகினு வரேன்.”

“சொல்லுவானா?”

“இவ்ளோ வாங்கினவன் எப்டிம்மா சொல்லுவான்?”

அவர் சொன்னபடிதான் நடந்தது. அக்கா கேட்டதும் பாண்டியன் மனது புண்பட்டவர்போல் ஸ்பானரைக் கீழே போட்டார். “உங்க வண்டியை நான் வுடுவேனாக்கா? என் பொண்ணு போற வண்டி. அதை இன்னொருத்தன் கையில குடுத்துட்டு நான் ராத்திரி தூங்குவேனா?”

அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம் அவருக்கே திரும்பி வந்திருந்தது. வீடு திரும்பும்போது ஸ்கூட்டர் ஏரிக்கரையைத் தாண்டியது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, “அவன் நல்லவனா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான், இல்ல?” என்றார்.

மே கடைசியில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஜெபாவைப் பார்த்தோம். அவரும் வேன் ஓட்டுகிறவர், வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

“இன்னாக்கா, சொந்தக்காரி மாதிரி இருந்த புள்ளையையே எங்கிட்ட தள்ளி வுட்டுட்ட? எதனா சண்டையா?”

“யாரைச் சொல்ற?”

“பாண்டியன் பொண்ணுதான். இந்த வருஷம் நம்ம வண்டி. ரெண்டு மாசம் அட்வான்ஸே குடுத்துட்டான். மெக்கானிக் பொண்ணே இதுலதான் போவுதுன்னு இனிமே நான் சொல்லிக்கலாம்.”

ஜெபா சிரித்தார். அக்காவும் கூடவே சிரித்தார். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பாண்டியனே கூப்பிட்டார். வண்டி ரெடி. போனபோது வேன் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து நின்றது. ஸ்டார்ட் செய்து காட்டினார். ஒரு குறையும் தெரியவில்லை. சாவியை நீட்டினார்.

“இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையில்லக்கா.”

அக்கா சாவியை வாங்கவில்லை. “ஸ்கூல் தெறக்கற அன்னிக்குக் கனிஷ்கா எத்தினி மணிக்கு ரெடியா இருப்பா?”

பாண்டியன் கை அப்படியே நின்றது. “அது வந்துக்கா… உங்களுக்குப் புள்ளைங்க அதிகம். எதுக்கு நெருக்கடின்னு…”

“முன் சீட்டு காலியாத்தான் கீது.”

“சும்மா ஏத்திக்கினு போறீங்க, எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு.”

“இத்தினி வருஷமா இல்லாத ஒரு மாதிரி.” அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “இங்க பாரு பாண்டியா. எனக்கு எஞ்சினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீ இரும்பைக் காட்டினா இரும்பு, பித்தளையைக் காட்டினா பித்தளை. உம் பொண்ணை ஏத்தி அனுப்பு. அன்னிக்கே மிச்ச காசை உன் கையில வெக்கறேன். ஏத்த மாட்டேன்னா, இப்பவே ரசாக் பாய்க்கு போன் போட்டு வுட்டுட்டேன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு.”

ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து பாண்டியனின் மனைவி சித்ரா எட்டிப் பார்த்தார். பாண்டியன் அவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு நாள் குடுங்க. ஒரு ரப்பர் ஓஸ் மாத்தணும்.”

“ரெடின்னியே.”

“ரெடிதான். ஒரே ஒரு ஓஸ்.”

அன்று மாலை அந்த வழியாகப் போனோம். வேனின் முன் சீட்டு தரையில் கிடந்தது. ஹெட் மறுபடியும் கழற்றப்பட்டு ஒரு சாக்கின் மேல் இருந்தது. புதுப் பாகங்கள் அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தன. நிறுத்தவா என்று கேட்டேன். “வாணாம், போ” என்றார். அடுத்த தெருவுக்குள் நுழைந்த பிறகு, “அப்போ இத்தினி நாளா வெறும் கழுவித்தான் வெச்சிருந்தான்” என்றார்.

பள்ளி திறந்த அன்று கனிஷ்கா ஷெட் வாசலில் புதுப் பையோடு நின்றாள். முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அக்கா வண்டியிலிருந்து இறங்கி, மிச்சப் பணத்தைப் பாண்டியன் கையில் கொடுத்தார். பதினோரு பிள்ளைகளில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். வருடத்தை ஓட்டிவிட அது போதும்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்து, காலையில் வேனிலேயே ஏறிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மண்ணூர்பேட்டை நெருங்கும்போது அக்காவின் கழுத்து முன்னால் நீளும். ஷெட் வாசலில் அந்தப் பெண் நிற்கிறாளா என்று கண் தேடும். நின்றால் மூச்சு விடுவார். அவ்வளவுதான் அவரிடம் இருந்த அளவுகோல். வண்டியில் என்ன போட்டிருக்கிறது, எது உண்மை, எது வெறும் பேச்சு என்று பாண்டியனுக்கு மட்டும்தான் தெரியும். வேறு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால் வேறு யாரும் தொட மாட்டார்கள். வண்டியை விற்கலாம் என்றால் பாண்டியனைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். ஆயில் மாற்றுவதற்கு அவரிடமே போய், “தம்பி, கொஞ்சம் பாத்துக் குடுப்பா” என்று சிரித்து நிற்க வேண்டியிருந்தது. பாண்டியனும் சிரிப்பார். பழையபடி கூலி வாங்க மாட்டார்.

“இதுக்குப் பேசாம வண்டியை வுட்டுட்டு வேற எதனா செய்யலாமேக்கா” என்று ஒரு நாள் சொன்னேன்.

“நீ வுட்டுட்டு வுட்டுட்டுப் போனியே, எங்கனா போயி சேந்தியா?” என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஜூலையில் ஒரு காலை கனிஷ்கா வாசலில் இல்லை.

அக்கா ஆரன் அடித்தார். ஷெட் பூட்டியிருந்தது. சித்ரா வீட்டுக்குள்ளிருந்து வந்து கையை ஆட்டினார். “புள்ளைக்கு ஜொரம்க்கா. இன்னிக்கு வரல. நீங்க போங்க.”

“பாண்டியன் எங்க?”

“பூந்தமல்லி போயிருக்காரு, சாமான் எடுக்க.”

அக்கா கியரில் கை வைத்தார். எடுத்தார். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நேரமாகிவிட்டது ஆண்ட்டி என்றாள். அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

“பாத்துட்டு வரேன் சித்ரா.”

“தூங்கறாக்கா.”

“எழுப்ப மாட்டேன்.”

எதற்காகப் பார்க்க வேண்டும் என்பது சித்ராவுக்கும் தெரிந்துதான் இருந்தது. வாசலிலிருந்து விலகி வழி விட்டார். நானும் பின்னால் போனேன். கனிஷ்கா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். அக்கா குனிந்து நெற்றியில் கை வைத்தார். கழுத்தில் வைத்தார். மறுபடியும் நெற்றியில் வைத்தார்.

“நல்லா சுடுது” என்றார். “டாக்டர்கிட்ட காட்டு. கஞ்சி குடு.”

வெளியே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். எஸ்டேட் ரோட்டுக்கு வந்த பிறகுதான், பிள்ளைகளுக்குக் கேட்காதபடி பேசினார்.

“சின்னப் புள்ளைக்கு ஜொரம்னு தெரிஞ்சதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு நிஷா. இன்னா பொழப்பு பாரு.”

“நாளைக்கும் வரலைன்னா?”

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நாளைக்கும் போய்த் தொட்டுப் பாப்பேன்.”