எண்பத்தைந்து கிலோவுக்குள்

பட்டறையில் அவருக்கு ‘மூட்டை’ என்று பெயர். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு இப்படியொரு பெயர் வைத்தால் கோபம் வரவேண்டும். அவருக்கு வரவில்லை. செய்கிற வேலையே அதுதானே. போர்முனையில் அடிபட்டுக் கிடப்பவர்களைத் தூக்கி வரும் ட்ரோன்களை அங்கே செய்கிறார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தொங்கும் தொட்டிலில் அவர் மல்லாந்து படுக்க வேண்டும். அது அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடும். மணல் மூட்டையை வைத்தும் பார்க்கலாம்தான். ஆனால் மணல் மூட்டை வலியில் புரளாது. இவர் புரண்டு காட்டுவார். கூடவே முனகுவார், அது அவராகச் சேர்த்துக்கொண்டது.

எண்பத்தைந்து கிலோவரைதான் தூக்கும். அதற்கு மேல் ஏறினால் மோட்டார் தானாகவே நின்றுவிடும். அவர் சரியாக எண்பத்தைந்து. போர்முனையில் இருந்த அவருடைய ஒரே மகன், பூட்ஸ் துப்பாக்கியெல்லாம் கழற்றி வைத்த பிறகும், தொண்ணூற்றாறு. நடுவிலிருந்த அந்தப் பதினோரு கிலோ அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

“இப்ப எவ்வளவுடா இருக்க?” போனை எடுத்ததும் முதல் கேள்வி அதுதான்.

“இங்க குண்டு விழுதுப்பா. நீங்க என்னடான்னா எடையைக் கேக்குறீங்க.”

“ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுடு. சொன்னாக் கேளு.”

“பட்டினி கிடந்து சண்டை போடுன்னு சொல்ற ஒரே அப்பா நீங்கதான்.”

மனைவி போனைப் பிடுங்கிக்கொள்வாள். “அவரு கிடக்குறாரு. நீ வயிறாரச் சாப்பிடு.” அன்று முழுக்க வீட்டில் இருவருக்கும் பேச்சு இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தொட்டிலில் ஏறப் போகும்போது ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி கூப்பிட்டாள்.

“உங்க பையன் உயிரோட இருக்காருங்க. அடிபட்ட இடத்துலேருந்து ட்ரோன்லதான் கொண்டுவந்தாங்க.”

சந்தோஷத்தைச் சந்தேகம் முந்திக்கொண்டது. தொழில் புத்தி.

“வேற யாருக்கோ பண்ண வேண்டிய போனும்மா இது. என் பையனை அது தூக்காது. தொண்ணூத்தாறு கிலோ.”

அவள் பெயரையும் பிறந்த தேதியையும் மறுபடி வாசித்தாள். மகன்தான்.

“ரெண்டு காலும் தொடையோட போயிடுச்சுங்க,” என்றாள் தணிந்த குரலில். “அதனாலதான் தூக்க முடிஞ்சுதாம்.”

போனை வைத்துவிட்டு மைதானத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எப்படியாவது அவன் எடை குறைந்தால் போதும் என்று எட்டு மாதமாக வேண்டிக்கொண்டவர் அவர்.